இரண்டு பைகளும் ஓர் அரிசிச் சாக்கும்

வட சென்னையில் பிறந்தவர்களுக்கு அனல் மின் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் பக்கம்தான். துறைமுகம் கூப்பிடு தூரம். ராட்டினம் ஏற வேண்டுமென்றால் மட்டும் ஊரின் மறுகோடிக்கு ஓட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை, திருப்போரூர்ப் பக்கம், பூந்தமல்லிக்கு அப்பால் என்று பெரிய தீம் பார்க்குகள் எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. தண்டையார்பேட்டையில் நான் பள்ளியில் படித்த காலத்தில் அந்தப் பயணம் ஆண்டுக்கு ஒரு முறை, சுற்றுலா பஸ்ஸில், மூன்று பேர் சீட்டில் ஐந்து பேராக. இப்போது டொராண்டோவிலிருந்து ஐந்து வார விடுமுறையில் வந்த என் பிள்ளைகள் இருவரும் கேட்டது அதே பயணத்தைத்தான்.

எங்கள் கோடை விடுமுறை இங்கே ஆடி மாதத்தில் வந்து விழுகிறது. அதில் ஒரு லாபம் உண்டு. இங்குள்ள பள்ளிகள் நடந்துகொண்டிருப்பதால் வார நாளில் போனால் வரிசை குறைவு. மே மாதத்தில் போனவர்கள் ஒரு சறுக்கில் ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் நின்ற கதையை அண்ணன் சொன்னான். புதன்கிழமை என்று முடிவாயிற்று. அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் இருவர், நாங்கள் நால்வர், அம்மா. ஒன்பது பேர்.

செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று ஞாயிறு இரவே நான் மூட்டை கட்ட ஆரம்பித்தேன். கனடாவில் ஏரிக்கரைக்குப் போகும்போது எடுத்துப்போகும் அதே சாமான்கள்: பருத்தித் துண்டுகள், பருத்தி டீ-ஷர்ட், அரைக்கால் சட்டை, ஐஸ் பெட்டி, ரொட்டிக்குள் வைக்க வெள்ளரிக்காய், அங்கிருந்து கொண்டுவந்த பாதாம் பார்கள். வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"இதில் பாதியை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். மீதியைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்க விட மாட்டார்கள். எழுந்திரு, நாளைக்கு எம்.சி. ரோடு போய்வரலாம்."

பருத்தி ஆகாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. துணியிலிருந்து உதிரும் நூல் தும்பு குளத்து நீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்கிறது. சாயம் போகும் துணி என்றால் இன்னும் தொல்லை. நனைந்த பருத்தி கனத்துப்போய் உடம்பை இழுப்பதும் உண்டு. ஜீன்ஸ், உலோகப் பொத்தான், ஜிப் எல்லாம் சறுக்கைக் கீறிவிடும். ஆகவே நைலான், லைக்ரா போன்ற துணிதான் செல்லும். பார்க் வாசலில் விற்பார்கள், வாடகைக்கும் கொடுப்பார்கள். விற்கிற விலையைக் கேட்டால் குளிக்கும் ஆசையே போய்விடும், வாடகை உடுப்பை முந்தாநாள் யார் போட்டிருந்தார் என்று நினைத்தாலும் போய்விடும்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் வண்ணாரப்பேட்டை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை இந்தப் பாதை திறந்ததிலிருந்து அம்மா கூடத் தனியாகப் போய்வருகிறார். நான் ஊரைவிட்டுப் போன நாளில் டி.எச். ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரத்தில் இப்போது போய்த் திரும்பிவிடலாம். நிலையம் சுத்தமாக இருந்தது, படிக்கட்டும் லிஃப்டும் வேலை செய்தன. அதைப்பற்றி எழுத வேறொன்றும் இல்லை. ஒரு போக்குவரத்துச் சேவைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

எம்.சி. ரோடு என்றால் மணியக்காரர் சத்திரம் ரோடு. 1782-இல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரம் அது. அதன் வழி வந்ததால்தான் ஸ்டான்லி மருத்துவமனையை எங்கள் பாட்டி கடைசிவரை 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொன்னார். இன்றைக்கு அந்தத் தெருவில் கஞ்சி இல்லை, துணி. ஆடித் தள்ளுபடிக் காலம் வேறு. தலைக்கு மேல் நைட்டிகள் தொங்க, காலுக்குக் கீழே குழந்தை உடுப்புகள் குவிந்திருக்க, நடுவில் நாம் பக்கவாட்டில் நடக்க வேண்டும். அண்ணி ஒரு கடையில் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைப் பையன் கேட்டான்: "தண்ணி விளையாட்டுக்கா அக்கா? பெண்களுக்கு முழுக்கையா, அரைக்கையா?"

முழுக்கை மேல்சட்டை, கணுக்கால் வரை டைட்ஸ், அதற்கு மேல் ஒரு குட்டைப் பாவாடை. எனக்கும் அண்ணிக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி, பிள்ளைகள் நால்வருக்கும் ஒவ்வொன்று. ஆறு உடுப்புக்கு எல்லாமாக இரண்டாயிரத்து நூறு ரூபாய். ஆண்கள் வீட்டில் கிடந்த நைலான் அரைக்கால் சட்டையே போதும் என்றுவிட்டார்கள். அண்ணி துணியை விலை பார்த்து எடுக்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துத்தான் எடுத்தார். "காய்ந்திருக்கும்போது எல்லாத் துணியும் யோக்கியம்தான்" என்றார். வெளிர் நிறம் ஒன்றுகூட எடுக்க விடவில்லை.

அதே தெருவின் நடைபாதையில் கைப்பேசியைப் போட்டுக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் உறை, ஒன்று நூறு ரூபாய். இரண்டு வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மகன் இரண்டிலும் கைப்பேசிக்குப் பதிலாக மடித்த டிஷ்யூ காகிதத்தை வைத்து மூடி, குளியலறை வாளிக்குள் போட்டு மேலே குவளையைக் கவிழ்த்தான். அரை மணி கழித்து எடுத்துப் பார்த்தால் ஒன்றில் காகிதம் அப்படியே மொரமொரப்பாக இருந்தது. இன்னொன்றில் மூலையில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம். அந்த ஈரம் என் கணவரின் கைப்பேசியாக இருந்திருக்கும். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு டிஷ்யூ காகிதம்; செய்யாமல் போகாதீர்கள்.

நகை விஷயத்தில் அம்மா கண்டிப்பு. அலைக் குளத்தில் செயின் கழன்றால் அது யாருக்கோ கிடைக்கும், நமக்குக் கிடைக்காது. ஆடிப்பெருக்கு அன்றுதான் அண்ணி தாலிக் கயிறு மாற்றியிருந்தார். தாலிச் செயினைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு அந்த மஞ்சள் கயிற்றோடு கிளம்பினார். நான் என் செயினை வைத்துவிட்டுக் கயிறு எதுவும் இல்லாமல் நின்றதைப் பார்த்து அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பூஜை அறையிலிருந்து ஒரு மஞ்சள் கயிறு வந்தது, அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான சங்கதி. அண்ணி கட்டியது ஒரு பை அல்ல, இரண்டு. ஒன்று உள்ளே போகிற பை, மற்றது வண்டியிலேயே இருக்கிற பை. வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்பதால் எது எதில் இருக்கிறது என்பதில்தான் அந்த நாளின் சுகம் இருக்கிறது.

உள்ளே போகிற பையில்: நைலான் உடுப்புகள், ஆளுக்கு ஒரு மெல்லிய ஈரிழைத் துண்டு (தடித்த துண்டு காயாது, லாக்கரிலும் அடங்காது), பிள்ளைகளின் ஆதார், பாஸ்போர்ட் நகல்கள், அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை, பிளாஸ்திரி, என் மகனின் மூக்குக் கண்ணாடியைக் கட்ட ஒரு கயிறு, தண்ணீருக்குத் தாங்கும் சன் ஸ்க்ரீன், நான்கு ஊக்கு. ஊக்கு எதற்கு என்று கேட்டேன். லாக்கர் சாவியை உடுப்பின் உட்பக்கம் குத்திக்கொள்ள. சாவி தொலைந்தால் முன்பணம் திரும்பாது.

உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலங்களும் அதில்தான். ஒரு பொட்டலம் 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அரை லிட்டரில் முழுப் பொட்டலத்தைக் கொட்டக் கூடாது, கரைசல் கெட்டியாகிக் குழந்தைக்குக் கெடுதல் செய்யும். கடைகளில் அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டுவிட்டது. மருந்துக் கடைக்காரரிடம் பொட்டலம் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீருக்குள் இருப்பதால் வியர்ப்பது தெரியாது. சாயங்காலம் நான்கு மணிக்குத் தலைவலியாகத்தான் அது தெரியவரும்.

வண்டியில் இருக்கிற பையில்: ஒரு தூக்கில் புளியோதரை, ஒரு டப்பாவில் உருளைக்கிழங்கு வறுவல், வாழை இலை நறுக்குகள், உலர்ந்த மாற்று உடை, உள்ளாடை, இரண்டு பழைய செய்தித்தாள், சீப்பு, தேங்காய் எண்ணெய். அதோடு கழுவிக் காயவைத்த 25 கிலோ அரிசிச் சாக்கு ஒன்று. ஒன்பது பேரின் ஈரத் துணி அதற்குள் போகும். பின்னிய சாக்கு என்பதால் நீர் மெதுவாக வடிந்துவிடும், துணி புழுங்கி நாறாது. அதை வைக்க ஒரு பழைய பிளாஸ்டிக் டப். இவ்வளவு வசதியான பை கனடாவில் எந்தக் கடையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

வேன் ஏழு மணிக்கு வர வேண்டும். ஏழே முக்காலுக்கு வந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன என்றார் ஓட்டுநர். அதை நம்பாதவர் வட சென்னையில் இருக்க முடியாது. ஆனால் பின் சீட்டுப் பக்கம் ஏ.சி. வேலை செய்யாததற்கு எந்த லாரியும் காரணமில்லை. வாடகைக்கு விட்டவரைத் தொலைபேசியில் பிடித்தபோது, "ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், சார்" என்று அண்ணனுக்கு அறிவுரை சொன்னார். பேரம் பேசும்போது ஓட்டுநர் பேட்டா, சுங்கம், வண்டி நிறுத்தக் கட்டணம், எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர் என்று எல்லாம் கேட்டிருந்தோம். முதல் நாளே போய் ஏ.சி.யைப் போட்டுப் பார்க்கவில்லை. ஓட்டுநர் நல்ல மனிதர்; வழியில் இட்லி சாப்பிட நிறுத்தியபோது கடையில் சொல்லி எங்கள் பாட்டில்களில் ஐஸ் போட்டு வாங்கி வந்தார்.

எந்தப் பார்க் என்று சொல்லப்போவதில்லை. வாசல் விதிகள் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான். குழந்தை டிக்கெட்டுக்கு வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள். அண்ணன் மகனுக்குப் பதினொரு வயதுதான். சுவரில் வரைந்த கோட்டுக்கு இரண்டு விரல் மேலே தலை போனதால் பெரியவர் டிக்கெட். "செருப்பைக் கழற்றி நில்லுடா" என்று அண்ணன் சொல்லியும் பயனில்லை. இணையத்தில் டிக்கெட் எடுப்பதற்கு முன் வீட்டிலேயே நாடா வைத்து அளந்துவிடுங்கள். வாசலில் தகராறு செய்தால் பின்னால் நிற்கும் கூட்டம் முழுவதும் உங்கள் பிள்ளையின் உயரத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும்.

அடுத்து பை சோதனை. உறை பிரிக்காத என் பாதாம் பார்கள் ஆறும் ஒரு கூடைக்குள் போயின. வெளித் தின்பண்டத்துக்கு அனுமதி இல்லை, கைக்குழந்தை உணவும் மருந்தும் மட்டும்தான். "போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள், மேடம்" என்றார் காவலர் பெண்மணி. போகும்போது கூடை இருந்தது, பார்கள் இல்லை. அம்மாவின் கையிலிருந்த மருந்துக் கடைக் கவரை அவர் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் மாத்திரை அட்டைக்கு அடியில் எட்டு கைமுறுக்கு இருந்தது பன்னிரண்டு மணிக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது.

சறுக்குகளைப் பற்றி எழுதப் பிள்ளைகளால்தான் முடியும். நான் ஒன்றில் போனேன், கண்ணைத் திறக்கவில்லை. குறிப்பாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. வெறுங்காலோடு நடக்கும் பாதையில் பதினொரு மணிக்கு மேல் தரை கொதிக்கிறது. ரப்பர் செருப்பைச் சறுக்கு வாசல் வரை போட்டுக்கொண்டு போங்கள். இரண்டாவது, சேவை. உயிர்காப்பாளர்கள் விழிப்பாக இருந்தார்கள், விசிலை ஓயாமல் ஊதினார்கள், பெண்கள் உடை மாற்றும் இடத்தில் கதவுத் தாழ்ப்பாள்கள் எல்லாம் பிடித்தன. குடிநீர் இலவசம். சாப்பாடுதான் சோகம். ஒரு தட்டு சாம்பார் சாதம் கொடுத்த விலைக்குத் தண்டையார்பேட்டையில் மூன்று பேர் வயிறு முட்டச் சாப்பிடலாம், அதுவும் சூடாக. வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணோடு இணைத்த என் வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்த முடிந்தது. கனடா, அமெரிக்கா, சிங்கப்பூர் உட்பட பத்து நாட்டு எண்களுக்கு 2023-இல் தந்த வசதி அது. ஆனால் ஊருக்குப் புறப்படும் முன்பே அங்கேயே எல்லாவற்றையும் இணைத்துவிட வேண்டும்.

அம்மா அலைக் குளத்தின் கரையில் நிழலில் நாற்காலி பிடித்து உட்கார்ந்திருந்தார். அலை வரும்போது காலை மட்டும் நனைத்துக்கொள்ளலாம் என்று புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு இரண்டு படி இறங்கினார். விசில். பருத்திப் புடவை, கூடாது. "காசிமேட்டுக் கடலில் இறங்கும்போது யாரடா என் புடவையைக் கேட்டான்?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்தார். அண்ணி அம்மாவுக்கும் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்திருக்கலாம். எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அம்மாவும் கேட்டிருக்க மாட்டார். கடைசி ஒரு மணி நேரம் என் மகள் இரண்டு கைகளிலும் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து பாட்டியின் கால்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதற்கு யாரும் விசில் ஊதவில்லை.

ஐந்தரைக்கு வெளியே வந்தபோது வானம் கறுத்திருந்தது. ஆடியில் சென்னைக்கு இப்படிச் சாயங்கால மழை வருவது வழக்கம்தான். வேன் கதவை மூடிக்கொண்டு, இருக்கையில் செய்தித்தாளை விரித்து, மடியில் இலையை வைத்துப் புளியோதரை சாப்பிட்டோம். ஓட்டுநருக்கும் ஓர் இலை. கூரையில் மழை அடிக்க, உள்ளே நல்லெண்ணெய் வாசனையும் குளோரின் வாசனையும் கலந்து வந்தன. அப்போது ஏ.சி. இல்லாதது குறையாகவே தெரியவில்லை. வீடு வந்து சேர இரண்டரை மணி நேரம். பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் மொட்டைமாடிக் கொடியில் ஆறு உடுப்பும் பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டன. மடித்துப் பெட்டியில் வைக்கலாம் என்று நான் மேலே போனபோது கொடி காலியாக இருந்தது. எதிர்வீட்டில் ஞாயிற்றுக்கிழமை போகிறார்களாம். உடுப்புகளோடு அரிசிச் சாக்கையும் அண்ணி கொடுத்தனுப்பிவிட்டார்.