ஃபிளிங்க் டெஸ்ட் ஹார்னஸ்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

தொடர்ந்து வரும் தரவைச் செயலாக்கும் மென்பொருளான அப்பாச்சி ஃபிளிங்கில், பதிவுகளைக் கீ வாரியாகக் கையாள நாமே எழுதும் கீடு பிராசஸ் ஃபங்ஷன்களைச் சோதிக்க, அதனுடன் கிடைக்கும், ஃபங்ஷனைத் தனியே இயக்கிப் பார்க்க உதவும் டெஸ்ட் ஹார்னஸைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். குறித்த நேரம் வந்ததும் ஃபங்ஷனை அழைக்கும் டைமரை நம்பி இயங்கும் எதையும் முதலில் இதில்தான் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. சோதனைக்கான சிறு ஃபிளிங்க் அமைப்பான மினி கிளஸ்டரில் ஜாப் முழுவதையும் ஓட்டிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

மினி கிளஸ்டர் சோதனைக்குப் பெரும்பாலும் ஒரு சிறு பட்டியலையே உள்ளீடாகக் கொடுக்கிறோம். ‘இந்த நேரம் வரையிலான பதிவுகள் வந்துவிட்டன’ என்று அறிவிக்கும் வாட்டர்மார்க் இயல்பாக 200 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் வெளிவரும் என்பதால், பட்டியலில் உள்ள பதிவுகள் எல்லாம் முதல் வாட்டர்மார்க்குக்கு முன்பே கடந்துவிடக்கூடும். உள்ளீடு தீர்ந்ததும் ஃபிளிங்க் லாங் வகையின் உச்ச மதிப்பை வாட்டர்மார்க்காக அனுப்ப, பதிவுகளின் நேர முத்திரையைச் சார்ந்து காத்திருந்த ஈவென்ட் டைம் டைமர்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் இயங்கிவிடுகின்றன. தாமதமாக வர வேண்டிய பதிவு தாமதமானதாகவே கருதப்படுவதில்லை. கணினியின் கடிகாரத்தைச் சார்ந்த பிராசஸிங் டைம் டைமர்களோ தங்கள் முறை வரும் முன்பே ஜாப் முடிந்துவிடுவதைக் காண்கின்றன. ஆனாலும் சோதனை பச்சை காட்டும்!

ஹார்னஸில் கடிகாரம் நம் கையில் இருக்கிறது. ஆர்டர் வந்து 15 நிமிடத்துக்குள் பணம் செலுத்தப்படாவிட்டால் எச்சரிக்கை தரும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். நேர முத்திரை 0 உள்ள ஆர்டரை உள்ளே செலுத்தி, வாட்டர்மார்க்கை 8,99,999 மில்லி விநாடி வரை நகர்த்தினால் வெளியீடு காலியாக இருக்க வேண்டும். 9,00,000 ஆக்கியதும் எச்சரிக்கை ஒன்று வர வேண்டும். இடையில் பணம் வந்திருந்தால், நிலுவையில் உள்ள டைமர்களின் எண்ணிக்கை 0 ஆகிவிட்டதா என்றும் கேட்டுப் பார்க்கலாம். வெளியீட்டை மட்டும் பார்க்கும் சோதனையில், நீக்கப்படாமல் தேங்கும் டைமர்கள் கண்ணில் படுவதே இல்லை. நிரலைக் காத்திருக்க வைக்கும் த்ரெட் ஸ்லீப் எங்கும் தேவைப்படாததால், இத்தகைய சோதனைகள் நொடிப்பொழுதில் முடிகின்றன. ஃபங்ஷனுக்குள் யாராவது சிஸ்டம் நேரத்தை நேரடியாகப் படித்திருந்தால் மட்டும் இந்தக் கட்டுப்பாடு கைநழுவிவிடும். டைமர் சர்வீஸிடம்தான் நேரத்தைக் கேட்க வேண்டும்.

புதியவர்களைத் தடுமாற வைப்பது ஸ்டேட் டிடிஎல், அதாவது ஃபங்ஷன் நினைவில் வைத்திருக்கும் தரவுக்கான (ஸ்டேட்) காலாவதிக் கெடு. அது பிராசஸிங் டைமைச் சார்ந்ததுதான் என்றாலும், ஹார்னஸில் அதற்கெனத் தனிக் கடிகாரம் உண்டு. பிராசஸிங் டைமை எவ்வளவு நகர்த்தினாலும் ஸ்டேட் காலாவதியாகாது. டிடிஎல் நேரத்தையும் தனியே நகர்த்த வேண்டும். இந்தப் பிரிவினை எனக்கு இன்றுவரை உவப்பாக இல்லை.

ஸ்டேட்டையும் டைமர்களையும் ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்து, அதை வேறொரு ஹார்னஸில் ஏற்றிப் பார்க்கும் வசதியைப் பலர் தொடுவதே இல்லை. ஜாப் நின்றுபோய், ஃபிளிங்க் அவ்வப்போது சேமிக்கும் செக்பாயிண்டிலிருந்து மீளும்போது, இடைப்பட்ட நேரத்தில் கடந்துபோன பிராசஸிங் டைம் டைமர்கள் உடனே இயங்கும் என்பதால், மீண்டதும் எச்சரிக்கைகள் குவியுமா என்பதை இங்கேயே அறிந்துகொள்ளலாம்.

குறைகளும் உண்டு. இது ஓர் ஆபரேட்டரை, அதாவது ஜாப்பின் ஒரு படியை மட்டுமே சோதிக்கிறது. உள்ளீட்டின் பகுதிகளில் பதிவே வராத ஒரு பார்ட்டிஷனால் வாட்டர்மார்க் நகராமல் நிற்பது போன்ற சிக்கல்கள் இதில் வெளிப்படா. ஹார்னஸ் வகுப்புகள் பொது ஏபிஐயில் சேராதவை என்று ஆவணமே சொல்வதால், பதிப்பு மாறும்போது சோதனைகள் கம்பைல் ஆகாமல் போக வாய்ப்புண்டு. இதற்காகவே எங்கள் குழுவில் ஹார்னஸை நேரடியாக அழைக்காமல், சிறிய உறை வகுப்பு ஒன்றின் வழியாகவே பயன்படுத்துகிறோம். பதிப்பு மாறினால் திருத்த வேண்டியது அந்த ஒரு கோப்பைத்தான்.