இஸ்தான்புல்லில் ஒரு மாதம்: சுல்தானஹ்மத்தா, கடிக்கோயா?

இரண்டு மூன்று நாள் என்றால் யோசிக்கவே வேண்டாம், சுல்தானஹ்மத்தில் தங்குங்கள். ஹாகியா சோபியா, நீல மசூதி, தோப்கபி அரண்மனை எல்லாமே நடந்து போகிற தூரம். மாதக்கணக்கில் தங்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. காய்கறிக் கடையைத் தேடி அலைய வேண்டும். கம்பளக் கடைக்காரர் தினமும் புதிதாய்ப் பார்ப்பதுபோல் "எந்த ஊர்?" என்பார். சாப்பாட்டு விலையோ சுற்றுலாக்காரருக்கென்றே வைத்தது.

கடிக்கோய் எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம், ஊரின் ஆசியக் கரையில். ஊரே திரண்டு வந்து பார்க்கும் கட்டடம் எதுவும் கிடையாது. அதுவே பெரிய வசதி. படகுத்துறையிலிருந்து மேலே ஏறினால் மீன் கடைகள், ஆலிவ் குவியல்கள், அப்புறம் ஊறுகாய்க் கடை. நம்மூர் ஊறுகாயை நினைத்துப் போகாதீர்கள். உப்பு நீரில் ஊறிய முட்டைக்கோஸும் வெள்ளரியும்தான். அந்தப் புளித்த நீரையே கிளாஸில் ஊற்றிக் கொடுப்பார்கள், நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்கள். முதல் வாய் கொஞ்சம் கஷ்டம்தான். சாயங்காலம் மோதா கடற்கரைப் பாறைகளில் சூரியகாந்தி விதை கொறிக்கும் கூட்டத்தோடு உட்காரலாம்.

சுல்தானஹ்மத் பக்கத்துப் படகுத்துறையான எமினோனுவுக்குப் படகில் சுமார் 20 நிமிடம். தென்மேற்குக் காற்று பலமானால் படகு நின்றுவிடும். அப்போது 2013இல் திறந்த மர்மராய் ரயில் கடலுக்கடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

என் ஓட்டு கடிக்கோய்க்குத்தான். ஒன்று மட்டும்: 2024 முதல் 100 நாள்வரையிலான சுற்றுலா வாடகைக்கு வீட்டுக்காரரிடம் அரசு அனுமதி இருக்க வேண்டும். முன்பணம் கொடுக்குமுன் அதைக் கேட்டுவிடுங்கள்.