சென்னை பள்ளிக்கரணை பக்கம் ‘லேக் வியூ’ ஃபிளாட் பார்க்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து சைட் விசிட் கூட்டிப்போகிறார்கள் என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். அங்கே விற்கும் ஒரு பில்டரின் முதல் ஃபேஸில் நாங்கள் குடியிருக்கிறோம். இப்போது விற்பனையில் இருப்பது இரண்டாவது ஃபேஸ். பில்டர் பெயரைப் போடவில்லை. அவர்மேல் நாங்கள் போட்ட மனு நிலுவையில் இருப்பதால் வக்கீல் வேண்டாம் என்கிறார்.

எங்களுக்கு விற்கும்போது பின்பக்கத் தாழ்வான நிலத்தைக் காட்டி, “அது சதுப்பு நிலம் சார், ஒரு செங்கல்கூட யாரும் வைக்க முடியாது, உங்களுக்கு லைஃப் முழுக்கக் காத்து” என்றார்கள். புரோஷரில் அந்த இடம் முழுக்கப் பச்சை, போதாததற்கு இரண்டு பூநாரை. பால்கனி அந்தப் பக்கம் பார்த்த வீடுகளுக்குச் சதுர அடிக்குக் கூடுதலாகவே வாங்கினார்கள். 2022-இல் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சுமார் 1,248 ஹெக்டேருக்கு ராம்சார் அந்தஸ்து (சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்தபோது எங்கள் அசோசியேஷனில் ஸ்வீட் கொடுத்தோம். அந்த வருடக் கடைசியிலேயே டிப்பர் லாரிகள் வர ஆரம்பித்துவிட்டன. கேட்டால் அது பட்டா நிலமாம், ராம்சார் எல்லைக்கு வெளியே இருக்கிறதாம், ஆரம்பத்திலிருந்தே அவர்களுடையதாம். அப்புறம் ஏன் எங்களிடம் அப்படிச் சொன்னீர்கள் என்றதற்கு, “அது பழைய சேல்ஸ் டீம் சார்.”

முதலில் கட்டட இடிபாடு, அதற்கு மேல் கிராவல் என்று கொட்டிக் கொட்டி எங்கள் ஸ்டில்ட் பார்க்கிங் தரையைவிட ஓர் ஆளின் மார்பு உயரத்துக்கு மேடாக்கிவிட்டார்கள். எங்கள் பின்சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் இருந்தது. பார்த்தால் வாய்க்கால் என்றே தோன்றாது, புதர் மண்டிய ஓடைதான், ஆனால் தெருவில் பெய்த மழை முழுக்க அது வழியாகத்தான் சதுப்புக்குப் போகும். அதில் இரண்டு சிமெண்ட் குழாயைப் புதைத்து மேலே அவர்களுடைய ரோட்டைப் போட்டுக்கொண்டார்கள்.

இந்தப் பகுதித் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்தால் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும். நாராயணபுரம், கீழ்க்கட்டளை என்று சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிவதெல்லாம் சதுப்புக்குத்தான் வந்து சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். புயல் நாளில் கடல் மட்டம் ஏறிக் கிடந்தால் அந்தப் பக்கம் வடிய நேரம் பிடிக்கும், அதுவரை தண்ணீர் எங்கேயாவது தங்கித்தானே ஆகவேண்டும். தங்கும் இடத்தில் மண்ணைக் கொட்டினால்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்களுக்குத் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, பின்சுவரை முட்டிக்கொண்டு வந்தது. லிஃப்ட் போச்சு, ஜெனரேட்டர் போச்சு, குடிநீர் சம்பில் சாக்கடை கலந்தது. டயாலிசிஸுக்குப் போகவேண்டிய பி பிளாக் பெரியவரை மீனவர்கள் கொண்டுவந்த படகில்தான் அனுப்பினோம். பில்டர் ஆபீஸில் இருந்து வந்த பதில்: “இயற்கைப் பேரிடருக்கு நாங்க என்ன சார் செய்ய முடியும்? எங்க புது சைட்ல வந்து பாருங்க, ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல.” நிற்கவில்லைதான், எல்லாம் எங்களிடம் இருந்தது. இதில் வயிறெரிச்சல் என்னவென்றால், “மிக்ஜாமிலேயே தண்ணி ஏறாத இடம்” என்று அதையே இப்போது விளம்பரத்தில் போடுகிறார்கள்.

“எல்லா அப்ரூவலும் இருக்கு” என்பார்கள். இருக்கலாம். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றை வாங்கிப் படித்துப் பாருங்கள், மனையை இவ்வளவு உயர்த்த வேண்டும் என்று பெரும்பாலும் நிபந்தனையே இருக்கும். புதுக் கட்டடம் மூழ்காமல் இருக்க அந்தத் தாள், பக்கத்து வீடு மூழ்காமல் இருக்க இல்லை. வாய்க்காலை அடைக்கக் கூடாது என்ற வரியும் அதில் இருக்கும், ஆனால் சேல்ஸ் ஆள் அந்தப் பக்கத்தைத் திருப்பமாட்டார். இரண்டாவது ஃபேஸுக்குப் பின்னால் இன்னும் தாழ்வான நிலம் கிடக்கிறது. அது யாருடையது, அங்கே மூன்றாவது ஃபேஸ் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். எங்கள் நண்பர் ஒருவர் வாங்குபவர் மாதிரி போய்க் கேட்டார், “அது சதுப்பு நிலம் சார்” என்றார்களாம்!

புரோஷரை நம்பாமல் புல எண்ணை வாங்குங்கள். எஃப்எம்பி என்கிற புல அளவை வரைபடத்தில் வாய்க்கால் ஓடுகிறதா, நில வகையைச் சொல்லும் அ-பதிவேட்டில் அந்த எண்ணும் பக்கத்து எண்களும் ஏரி, வாய்க்கால், கழுவெளி (சதுப்பு) என்று இருக்கிறதா பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களையும் பார்க்கலாம், காசு செலவில்லை. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். இந்த அளவுக்குள் அடக்க இரண்டு ஃபேஸையும் தனித்தனித் திட்டமாகக் காட்டியிருக்கிறார்களா என்பதைக் கட்டாயம் பாருங்கள். 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பின் எல்லையையும் தாக்கப் பகுதியையும் வரையறுக்கும் ஆய்வு முடியும்வரை ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதுத் திட்ட அனுமதி தரக் கூடாது என்று சொன்னது. நீங்கள் பார்க்கும் திட்டத்துக்கு எந்தத் தேதியில் அனுமதி கிடைத்தது, இன்றைக்கு அந்த உத்தரவின் நிலை என்ன என்று சொந்தமாக ஒரு வக்கீல் வைத்துக் கேளுங்கள், பில்டர் காட்டும் வக்கீல் வேண்டாம்.

‘பிளாக்கிங் அமௌண்ட்’ (வீட்டைப் பிடித்துவைக்கும் முன்பணம்) என்று சொல்லி சிலரிடம் விலையில் 20 சதவீதம் வரை வாங்கியிருப்பதாகக் கேள்விப்படுகிறோம். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. ஏற்கெனவே கொடுத்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். மண் நிரப்பிய வீடியோ, வாய்க்கால் இருந்த காலத்துப் படங்கள், எங்களுக்குக் கொடுத்த பழைய புரோஷர் எல்லாம் இருக்கின்றன, உங்கள் மனுவோடு சேர்த்துக்கொள்ளலாம்.