ஓராண்டு நீண்ட காய்: ஒரு குழு உரையாடல் சேவை குறித்த மதிப்புரை

சிறுவயதில் ஒருத்தியைச் சேர்ந்து வதைத்த தோழிகள் நடுவயதில் கூடி அதைப் பற்றிப் பேசுவதற்குக் கட்டணச் சேவை ஒன்று இருக்கிறது என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்தேன். கூட்டாகத் தொழில் நடத்திப் பிரிந்தவர்களும், பேச்சு நின்றுபோன உடன்பிறந்தவர்களும்தான் இதைப் பெரும்பாலும் நாடுகிறார்கள். பழைய நண்பர் குழுக்களையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு தனி அமர்வு, பிறகு இரண்டு கூட்டு அமர்வுகள், எல்லாம் காணொளி வழியாக, முழுவதற்கும் ஒரே மனநல ஆலோசகர். பதிவு செய்வது எளிது.

எங்கள் வழக்கு இது. 11 வயதில் நாங்கள் ஆறு பேர் பிரியாமல் திரிந்தோம். ஒரு நாள் ஐந்து பேர் சேர்ந்து ஆறாமவளோடு காய் விட்டோம். காய் விட்டவர்கள் மறுநாளே பழம் விடுவதுதான் பிள்ளைகளின் வழக்கம். எங்களுடையது கல்வியாண்டு முடியும்வரை நீடித்தது. அவள் பேசினால் காதில் விழாததுபோல ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம், விளையாட்டில் அவள் பக்கம் மட்டும் பந்து போகாமல் பார்த்துக்கொள்வோம், அவளோடு பேசுகிறவளுக்கும் காய் என்று விதி வைத்திருந்தோம். அடித்ததில்லை, திட்டியதும் இல்லை என்பதால் எந்த ஆசிரியரின் கண்ணிலும் அது படவில்லை. அடுத்த ஆண்டு அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். நாங்கள் ஐவரும் இன்றுவரை நண்பர்களாகவே இருக்கிறோம். எங்களில் ஒருத்தியின் மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்த நாளில் அந்தத் தாய் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், "நாம் செய்தது நினைவிருக்கிறதா?" என்று கேட்டாள். நான்கு நாட்கள் யாரும் பதில் எழுதவில்லை. அந்த நான்கு நாட்களுக்குப் பிறகுதான் இந்தச் சேவையைத் தேடினோம்.

சேவையின் சிறப்பு தனி அமர்வுகளை முதலில் வைத்திருப்பதில் இருக்கிறது. இது அவர்களின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் அனட்டோல் பிகாஸ், பள்ளிகளில் கூட்டாகத் துன்புறுத்தும் பிள்ளைகளுக்காக வகுத்த 'பகிர்ந்த அக்கறை' முறையில், குழுவை உடனே கூட்டி விசாரிக்காமல் ஒவ்வொருவரிடமும் தனியே, குற்றம் சாட்டாமல் பேசுவதே முதற்படி. குழுவாக இருக்கையில் தன் உறுத்தலை மறைத்துக்கொள்ளும் பிள்ளை தனியாக இருக்கையில் அதைச் சொல்லிவிடும் என்பது அதன் அடிப்படை. வளர்ந்தவர்களுக்கும் இது பொருந்துகிறது. என் அமர்வில் நான் முதலில் சொன்னது, ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் என் கணக்கு நோட்டை அவளுக்குக் கொடுத்தேன் என்பதைத்தான். எத்தனையோ ஆண்டுகளாக எனக்கு நானே கொடுத்துக்கொண்டிருந்த விடுதலைப் பத்திரம் அது. ஆலோசகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மறுநாள் என்ன செய்தீர்கள்?" என்றார். மறுநாள் அவள் நோட்டைத் திருப்பித் தர வந்தபோது, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால், நான் கையை நீட்டவில்லை. அவள் அதை என் மேசைமீது வைத்துவிட்டுப் போனாள். இந்தப் பாதியை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

முதல் கூட்டு அமர்வில் தெரியவந்தது அதைவிட மோசமானது. ஒருத்தி கழிப்பறையில் அவளைப் பார்த்து அன்பாகப் புன்னகைத்திருக்கிறாள், ஒருத்தி பிறந்தநாள் மிட்டாயை அவள் பைக்குள் போட்டிருக்கிறாள், ஒருத்தி வீட்டில் அழுதிருக்கிறாள். எங்களில் யாருக்குமே அந்தக் காய் பிடிக்கவில்லை. மற்ற எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருத்தியும் நம்பியிருக்கிறோம். எவரும் விரும்பாத ஒன்றை ஓராண்டு காலம் கட்டிக்காத்திருக்கிறோம் என்பதைக் கேட்டபோது ஆறுதல் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

இந்த இடத்தில் டார்லி, லட்டானே என்ற உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட சோதனையை ஆலோசகர் குறிப்பிட்டார். ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோன்ற குரலைத் தான் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி தேடினார்கள். வேறு நால்வரும் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களிலோ 31 விழுக்காட்டினர் மட்டுமே. எனக்கு இந்த எடுத்துக்காட்டு நிறைவளிக்கவில்லை. அவர்கள் முன்பின் அறியாதவர்கள், நிகழ்ந்தது சில நிமிடங்கள். நாங்களோ தினமும் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம், வேடிக்கை பார்த்தவர்களும் செய்தவர்களும் நாங்களேதான். ஆனால் அவர் சொன்ன இன்னொரு ஆய்வுக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. பள்ளி மைதானங்களில் நடப்பதைப் பதிவு செய்து கனடாவில் நடத்திய அந்த ஆய்வு 2001இல் வெளியானது. சக மாணவர் ஒருவர் குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட முறை, துன்புறுத்தல் பத்து நொடிக்குள் நின்றுபோனதாம்.

குறைகளுக்கு வருகிறேன். ஐவருக்கும் சேர்த்துப் பணம் கட்டிய பிறகு ஒருத்தி வர மறுத்துவிட்டாள். அவளுடைய பங்கைத் திருப்பித் தரவில்லை. இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, முதல் கூட்டு அமர்வு முடிந்த மறுநாள் நிறுவனத்திலிருந்து தானாக வந்த மன்னிப்புக் கடிதப் படிவம். பெயரையும் நிகழ்வையும் நிரப்பி அனுப்பிவிட்டால் 'உங்கள் மனம் இலேசாகும்' என்று அதில் இருந்தது. யாருடைய மனம்? பிரிட்டனில் 1958இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, 7 முதல் 11 வயதுக்குள் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களிடம் அதன் பாதிப்பை 50 வயதிலும் கண்டதாக 2014இல் தெரிவித்தது. அப்படிப்பட்ட ஒருத்தியின் வாசலில், அவள் கேட்காத கடிதத்தை எங்கள் நிம்மதிக்காகப் போடச் சொல்வதை எப்படி உதவி என்பது? பிகாஸின் முறையில் பாதிக்கப்பட்ட பிள்ளையோடும் பேசுவார்கள்; இங்கே அவள் இருக்கை காலி, அதை அச்சடித்த தாளால் நிரப்பப் பார்க்கிறார்கள். நான் கேட்டபோது, தானாக இருந்தால் அந்தப் படிவத்தை அனுப்பியிருக்க மாட்டேன் என்று ஆலோசகர் வெளிப்படையாகவே சொன்னார். சேவையைவிட அதில் பணியாற்றுபவர் மேலானவர் என்று எனக்குத் தோன்றியது.

கடைசி அமர்வில், காயை முதலில் தொடங்கியது யார் என்ற பேச்சு வந்தது. மூவர் ஒரே பெயரைச் சொன்னோம், நான்காமவள் மறுக்கவில்லை. அது வர மறுத்த ஐந்தாமவளின் பெயர். ஆலோசகர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்போது இங்கே இல்லாதவர் யார்?" என்று மட்டும் கேட்டார்.

அவளுடைய தனி அமர்வு பயன்படுத்தப்படாமல் இருக்கிறது. இன்னும் மூன்று மாதங்களுக்குச் செல்லும் என்று நிறுவனம் எழுதியிருக்கிறது. அதை அவளிடம் யார் சொல்வது என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.