டிப்ளமோவா, பி.இ.யா: ஓசூர் வேலைக்கு எது லாபம்?

பத்தாம் வகுப்பு முடித்ததும் பாலிடெக்னிக் என்றால் 3 வருடம், பிளஸ் டூ போய் பி.இ. என்றால் 6 வருடம். அதாவது டிப்ளமோ பையன் ஓசூர் சிப்காட்டில் கம்பெனி பஸ் ஏறி, சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் எவ்வளவு என்று பார்க்கிற காலத்தில், பி.இ. பையனுக்கு வீட்டில் இன்னும் செமஸ்டர் ஃபீஸ் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் மேலே ஏற பி.இ.தான் கைகொடுக்கும். பர்கூர் அல்லது தர்மபுரி செட்டிக்கரை அரசுக் கல்லூரியில் சீட் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். 6 முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது.

மாந்தோப்பை அடகு வைத்துப் பேர் தெரியாத காலேஜில் சேர்ப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அதற்குப் பதில் டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம், மொத்தம் அதே 6 வருடம்தான். கையில் காசு இல்லையென்றால் டிப்ளமோவோடு வேலைக்கும் போய்க்கொள்ளலாம்.