வால்நட்சத்திரத்துக்கு ஜூமா, வைடா? சாதாரண காம்பேக்ட் கேமராவில் எது எடுபடும்

2024 அக்டோபரில் சூச்சின்ஷான்–அட்லஸ் வால்நட்சத்திரம் மாலை வானத்துக்கு வந்தபோது என் கையில் இருந்தது ஒரு பழைய காம்பேக்ட் கேமரா. 12 மெகாபிக்சல், 5 மடங்கு ஜூம், ஷட்டர் அதிகபட்சம் 15 வினாடி திறந்திருக்கும். அந்த வாரம்தான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கியது. 15, 16 தேதிகளில் சென்னையில் கொட்டித் தீர்த்தது. மேகம் விலகுகிற அரைமணி நேரத்துக்குள் எப்படி எடுப்பது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

சின்னதாகத் தெரிவதைக் கண்டால் கை தானாக ஜூமுக்குத்தான் போகும். இந்த வகை கேமராவில் அது வேண்டாம் என்பேன். வைடில், அதாவது ஜூமே செய்யாத அகலக் காட்சியில், எஃப் 2.8 இருக்கிற லென்ஸ், முழு ஜூமில் எஃப் 5.9 ஆகிவிடும்; இந்த எண் ஏறினால் வெளிச்சம் குறையும். வால் என்பது பரவிக் கிடக்கிற மங்கலான ஒளி. அப்படிப்பட்ட பரப்பிலிருந்து சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் வருகிற வெளிச்சம் ஜூமில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். நட்சத்திரங்களுக்கு இந்த நஷ்டம் கிடையாது, அவை வெறும் புள்ளிகள். அதனால்தான் ஜூம் படத்தில் நட்சத்திரங்கள் பளிச்சென்று இருக்க, வால் மட்டும் காணாமல் போகிறது.

பூமியின் சுழற்சி இன்னொரு சிக்கல். வைடில் 15 வினாடி திறந்தால் நட்சத்திரம் மூன்று நான்கு பிக்சல் நகரும்; கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. முழு ஜூமில் அதே நேரத்துக்குப் பதினெட்டு பிக்சல் கோடு விழும். அதைத் தவிர்க்க நேரத்தை மூன்று வினாடியாகக் குறைத்தால், ஏற்கெனவே குறைந்த வெளிச்சம் இன்னும் குறையும். முழு ஜூமில் படத்தின் அகலமே ஏறக்குறைய 14 டிகிரிதான், நீண்ட வால் அதற்குள் அடங்காது. தலைப்பகுதி மட்டும் போதும் என்றால் இரண்டு மடங்கு ஜூம் வரை போகலாம். அதற்கு மேல் ஒரு பலனும் இல்லை.

சரி, வைடு என்று முடிவாகிவிட்டது. ஒரே ஒரு நீண்ட படமா, குட்டிக் குட்டியாகப் பல படங்களா? பல மாடல்களில் லாங் ஷட்டர் மோடைப் போட்டால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 80 அல்லது 100இல் பூட்டிக்கொள்ளும். அந்த 15 வினாடிப் படம் சுத்தமாக இருக்கும், ஆனால் வால் சோகையாக இருக்கும். ஐஎஸ்ஓவை 400க்கு ஏற்ற முடிகிற கேமரா என்றால் 8 வினாடியில் இருபது படம் எடுத்து, டீப்ஸ்கைஸ்டாக்கர் போன்ற இலவச மென்பொருளில் அடுக்குவது, அதாவது எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்ப்பது, எவ்வளவோ மேல். பதினாறு படங்களை அடுக்கினாலே இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பு) கால்வாசியாகிவிடும். கேனான் பவர்ஷாட் வைத்திருப்பவர்கள் சிஎச்டிகே என்ற இலவசத் துணை மென்பொருளை மெமரி கார்டில் போட்டுப் பாருங்கள். பல மாடல்களில் ரா படமும் (சென்சார் பதிந்தபடியே இருக்கும் மூலப்படம்), தானாகத் தொடர்ந்து எடுக்கிற வசதியும் அதனால் கிடைத்துவிடும்.

அடுக்குவதில் ஒரு குறை உண்டு. நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும்போது கீழே இருக்கிற பனைமரம் இழுபட்டுவிடும். மரமும் வீடும் படத்தில் வேண்டும் என்று நினைத்தால் ஒற்றைப் படமே அழகு. எனக்கு வால்தான் முக்கியம், ஆகவே அடுக்குகிறேன்.

கைபேசியின் நைட் மோட் இந்த அடுக்கும் வேலையைத் தானே செய்துவிடுகிறது. கூகுள் பிக்சலின் வான்படமெடுக்கும் வசதி நான்கு நிமிடம் வரை எடுத்துச் சேர்க்கும். உங்கள் காம்பேக்ட் ஒரு வினாடிக்கு மேல் திறக்காது என்றால் யோசிக்காமல் கைபேசியை எடுங்கள்.

எந்த நாள் என்பதிலும் போட்டி இருந்தது. அக்டோபர் நடுவில் வால்நட்சத்திரம் நல்ல வெளிச்சம், ஆனால் அந்திவெளிச்சத்தில் தாழ்வாக நின்றது. 17ஆம் தேதி பௌர்ணமி வேறு. 20க்கு அப்புறம் அது மங்கியிருந்தாலும் உயரத்தில் இருந்தது, நிலாவும் தாமதமாகத்தான் உதித்தது. எனக்கு வால் நீளமாகக் கிடைத்தது 20க்குப் பிந்தைய இந்த நாட்களில்தான்.

ஃபோகஸை மலைக் குறிக்கு (வெகுதூரக் காட்சிக்கான குறி) மாற்றிவிட்டு, மேற்கே இருந்த வெள்ளிக் கோளை ஒருமுறை எடுத்துப் பெரிதாக்கிச் சரிபார்த்தேன். ட்ரைபாட் இல்லாத அன்று மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அரிசி நிரப்பிய துணிப்பை மேல் கேமராவை வைத்து, இரண்டு வினாடி செல்ஃப் டைமரில் எடுத்தேன். கொஞ்சமும் ஆடவில்லை.