உஷார்: ‘கழுவினால் போதும், துடைக்கவே வேண்டாம்’ பேக்கேஜில் 380 வெள்ளி போச்சு

கறுப்பு கார் வைத்திருப்பவர்கள் முதலில் படியுங்கள். மற்றவர்களும் படியுங்கள். அந்தக் கடைக்கு என்ன நிறமாக இருந்தாலும் ஒன்றுதான், 380 வெள்ளி வந்தால் சரி.

கடைப் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் வக்கீல் கடிதம் அது இது என்று கிளம்புவார்கள். சிங்கப்பூரில் தொழிற்பேட்டை ஒன்றில் மாடியில் இருக்கும், காரைக் கழுவி மெருகேற்றும் கார் குரூமிங் கடை, அவ்வளவுதான் சொல்வேன். வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் வந்தது. பெயிண்டுக்கு மேல் பூசும் கோட்டிங், கழுவியதும் ஈரத்தின் மேல் அடிக்கும் டிரையிங் ஸ்ப்ரே இரண்டு போத்தல், ஒரு பெரிய துண்டு, எல்லாம் சேர்த்து 380 வெள்ளி. இனிமேல் தண்ணீர்க் கறை என்ற பேச்சே கிடையாதாம்.

எங்கள் புளோக் கார்ப்பார்க்கில் இரவு தாமதமாக வந்தால் கூரையில்லாத மேல்தளத்தில்தான் இடம் கிடைக்கும். மதியம் அங்கே பானெட்டில் கை வைக்க முடியாது. கழுவித் துடைத்து முடிப்பதற்குள் ஒரு பக்கம் காய்ந்து புள்ளி விழுந்துவிடும். அதனால்தான் போனேன்.

கடையில் இருந்தது நம் தமிழ்ப் பையன். ரொம்ப மரியாதை. பானெட் நடுவில் டேப் ஒட்டி, ஒரு பாதியில் மட்டும் ஸ்ப்ரே அடித்துத் துடைத்தான். பிறகு இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சினான். அடிக்காத பக்கம் தண்ணீர் பரந்து ஒட்டிக்கொண்டு கிடந்தது. அடித்த பக்கம் உருண்டு திரண்டு, சரிவில் கடகடவென்று ஓடியது. "பாத்தீங்களாண்ணே, நிக்கவே நிக்காது. கழுவிட்டு அப்படியே விட்டுருங்க. துண்டு சும்மா கண்ணாடிக்குத்தான்."

"வெயில்ல நிறுத்தினா?" என்று நான் கேட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, கேட்டேன்.

"வெயில்னா இன்னும் நல்லதுண்ணே, சீக்கிரம் காஞ்சிடும். நம்ம ஆளுங்ககிட்டயே பொய் சொல்வேனா? தீபாவளிக்குள்ள நீங்களே நாலு பேரைக் கூட்டிட்டு வருவீங்க."

போனிலேயே பணம் அனுப்பும் பேநவ்வில் 380 வெள்ளி அந்த இடத்திலேயே போனது.

ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவினேன். சொன்னபடியே ஸ்ப்ரே அடித்தேன், அப்படியே விட்டேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கூரை, பானெட், பூட் முழுக்க வட்ட வட்டமாக வெள்ளை. ஓரம் தடிப்பாக, நடுவில் ஒன்றும் இல்லாமல். நகத்தால் சுரண்டினால் பொடி மட்டும் உதிர்கிறது, வட்டம் அங்கேயே இருக்கிறது. வினிகரில் தண்ணீர் கலந்து துடைத்ததில் பாதி போனது. மீதி பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட்டை அரித்து உள்ளே இறங்கிவிட்டது. வேறொரு பட்டறை அங்கிள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை போட்டு பாலிஷ் பண்ண வேண்டுமாம். பண்ணப் பண்ண கிளியர் கோட் மெலியும் என்றும் சொன்னார்.

படங்களை அந்தத் தம்பிக்கு அனுப்பினேன். முதல் பதில்: "உங்க ஏரியா தண்ணி சரியில்லண்ணே." எங்கள் குழாயில் வருவது நாடு முழுக்கத் தண்ணீர் தரும் அரசாங்க வாரியமான பியூபியின் தண்ணீர். அவன் கடைக்கு மட்டும் இமயமலையிலிருந்து வருகிறதா? அடுத்த பதில் அதைவிட அருமை: "துண்டு கொடுத்தோமே, துடைக்கலையா?" அதே வாய்தான்! பிறகு முதலாளி ஜொகூர் போயிருக்கிறார். பிறகும் ஜொகூரிலேயே இருக்கிறார். பிறகு நீல டிக் மட்டும். கடை நம்பருக்கு அடித்தால் ஒரு பெண்மணி, பேக்கேஜுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தார். இன்னும் 180 வெள்ளி கட்டினால் பாலிஷ் பண்ணித் தருவார்களாம். 380 வாங்கிக்கொண்டு கறை போட்டவர்களுக்கு, அதை எடுக்க 180!

அந்த அங்கிள் ஐந்து நிமிடத்தில் விளக்கியதை இவர்கள் மறைத்துவிட்டார்கள். டிரையிங் ஸ்ப்ரே எதையும் தானாகக் காய வைக்காது. ஈரமான பெயிண்டின் மேல் அடித்தால் வழுவழுப்பு கூடுகிறது, தண்ணீர் பெயிண்டை விட்டு விலகித் திரள்கிறது. துண்டு இழுபடாமல் சறுக்கிக்கொண்டு போய் ஒரே தடவையில் உறிஞ்சிவிடும், கீறலும் குறையும். கறை விழாமல் இருப்பது தண்ணீர் காய்வதற்கு முன்பே துண்டுக்குப் போய்விடுவதால்தான். துடைக்காமல் விட்டால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் எல்லாம் ஆவியாகாது. கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிகிற மாதிரி அங்கேயே தங்கிவிடும். பரந்து கிடந்தால் லேசாகப் படிய வேண்டியது, திரண்டு நிற்கும் ஒவ்வொரு சொட்டிலும் ஒரே இடத்தில் கெட்டியாகிறது. சிங்கப்பூர்த் தண்ணீர் அப்படியொன்றும் கடினத் தண்ணீர் இல்லை. ஆனால் தாது எடுத்த டீஅயனைஸ்டு தண்ணீராக இல்லாதவரை ஏதாவது மிஞ்சத்தான் செய்யும், அதுவும் கொதிக்கிற பானெட்டில்.

அவன் காட்டிய டெமோவில் பொய் இல்லை. ஓடின சொட்டைக் காட்டினான், கூரையில் ஓடாமல் நிற்கப்போகும் சொட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. சுருக்கமாக: நிழலில், பானெட் ஆறிய பிறகு கழுவுங்கள். கூரையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பகுதியாக ஸ்ப்ரே அடித்து, தடிமனான மைக்ரோஃபைபர் துண்டால் உடனே துடையுங்கள். கண்ணாடி ஓரத்திலும் கதவுக் கைப்பிடியிலும் ஒளிந்திருக்கும் தண்ணீர் அப்புறம் வழியும், அதையும் எடுங்கள். வாயால் சொல்வதை மெசேஜில் எழுதித் தரச் சொல்லுங்கள். "துடைக்க வேண்டாம்" என்று எவனாவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், இரண்டு பக்கமும் வக்கீல் கிடையாது. என் 380 வெள்ளிக்கு அங்கேதான் போகப்போகிறேன். மிச்சமிருக்கும் ஸ்ப்ரே போத்தலை யாரும் கேட்காதீர்கள், அது ஆதாரம்.